விஷம் குடிக்காத ராணி

எங்கள் இசை நாடகத்தில் நான்கு ராணிகள். நால்வரும் சரித்திரத்தில் இருந்தவர்கள்தான். முதலாமவள் எதிரியின் கோட்டையைக் கொளுத்தியவள். இரண்டாமவள் புருஷனைக் கொன்றவனைத் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டியவள். மூன்றாமவள் சிறையிலிருந்து தப்பியவள். இவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டு. டிரம்ஸும் கிடாரும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். நான்காம் ராணி முப்பத்தொரு வருடம் சண்டை சச்சரவில்லாமல் ஆண்டாள், ஏரி வெட்டினாள், வயதாகித் தன் படுக்கையிலேயே செத்துப்போனாள். அந்த வேடம் என் தங்கைக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்?

பகலில் அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நல்ல குரல், ஆனால் முண்டியடிக்கத் தெரியாது. நான் நாடகத்துக்கு ஒலி பார்க்கிறவள். பார்வையாளர்களுக்கு நடுவே மேசை போட்டு, யார் குரல் எவ்வளவு கேட்கவேண்டும் என்று குமிழ்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கும் சேர்த்து முண்டியடிப்பது என் வேலை என்று நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

“இந்த அம்மாவுக்கு என்னதான் கொறை?” என்று ஒத்திகையில் இயக்குநர் கத்தினார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை ‘இடி’ என்போம். “ஆசப்பட்டது கெடைக்கலன்னாதான பாட்டு வரும்? கடைசில யாராவது விஷம் வச்சிடலாமா?”

“அவங்களுக்கு யாரும் விஷம் வைக்கல சார்,” என்றாள் தங்கை. “ஏரி நெறஞ்சிருக்கு. கரைல நின்னு பாக்கறாங்க. அவ்வளவுதான் பாட்டு.”

“ஜனங்க கொட்டாவி விடுவாங்கம்மா! நாளைக்கு முன்னோட்டக் காட்சில பாப்போம். எடுபடலன்னா இந்தப் பாட்டத் தூக்கிட்டு விஷப் பாட்டு வைப்போம். அத மூணாவது ராணி பாடட்டும். நீ கோரஸ்ல நின்னுக்கோ.”

மூன்றாம் ராணிக்கு வாயெல்லாம் பல். ஒப்பனை அறைக்குப் போய்த் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்டி, பாட்டுல ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா கொறஞ்சா போயிடுவ?”

அவள் கிரீடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். “எதுக்குக்கா அழணும்? அந்தம்மா நல்லாதான இருந்தாங்க. நானும் நல்லாதான இருக்கேன். உனக்குத்தான் என்னப் பாத்தா எப்பவும் பாவமா இருக்கு.”

சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மைதான். ஆனால் என் புத்தி எங்கே போகும்? அவள் வாயைத் திறந்ததும் டிரம்ஸை ஏற்றி, குரலுக்கு எதிரொலி போட்டு, எப்படியாவது கைதட்டல் வாங்கித் தந்துவிடுவதென்று முடிவுசெய்தேன்.

முன்னோட்டக் காட்சியில் மூன்று ராணிகளுக்கும் அரங்கமே அதிர்ந்தது. நான்காவதாகத் தங்கை வந்து நின்றாள். தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் பாட ஆரம்பித்தாள். தண்ணீர் மூன்றாம் படி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து நாட்டு ராஜா கடிதம் போட்டிருக்கிறான், பதில் எழுதவேண்டும். முதுகு வலிக்கிறது, இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

என் விரல் டிரம்ஸ் குமிழின்மேல் இருந்தது. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. கேட்கிறார்களா, தூங்கிவிட்டார்களா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் இடி குனிந்தபடி இருக்கைகளுக்கு நடுவே என்னை நோக்கி ஓடி வந்தார். பாட்டு போச்சு என்று நினைத்தேன்.

“மியூசிக்கக் கொறைங்க,” என்றார் காதருகில்.

“சார்?”

“கொறைங்கம்மா. இன்னும். அந்தப் பொண்ணு மூச்சு விடறதுகூடக் கேக்கணும்.”

முதலில் டிரம்ஸை இறக்கினேன். பிறகு கிடாரை, அதற்குப் பிறகு மற்றதையெல்லாம். இயக்குநர் திரும்பிப் போகவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேடையில் அவளுக்கு இது எதுவும் தெரியாது, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் செய்யவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் தங்கை பாடுவதைக் கேட்டேன்.