மீன் கடிக்காத மாதங்கள்

எப்போது வந்தால் மீன் கடிக்கும் என்று கேட்காத ஆளே கிடையாது. கண்டிக்குப் பக்கத்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போவது என் தொழில். தெல்தெனியப் பக்கக் கரையில் என் படகு கிடக்கும். மாசி, பங்குனி இரண்டும் என் மாதங்கள். தண்ணீர் அடங்கித் தெளிந்துவிடும். ஆடியில் காற்று படகைத் தூக்கிப் போடும், ஐப்பசியில் மகாவலி ஆறு மண்ணும் செத்தையுமாகக் கொண்டுவந்து கொட்டும். இதை நான் யாருக்கும் மறைத்ததில்லை. ஐப்பசியில் எவனாவது ஆசையோடு வந்து நின்றால், "வேணாங்க, மாசியில வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். வத்தேகமவில் இருக்கும் என் மாமியார் இதற்காகவே என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீர் விஷயத்தில் ஜெயராஜ் பொய் சொல்ல மாட்டான் என்று கண்டி ஹோட்டல்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். எனக்கு அது போதும்.

அந்தப் பெயரைக் கெடுக்கவென்றே வந்து சேர்ந்தவர் இராஜரத்தினம் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலாசனி அம்மாவுடன் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருந்தார். ஒரே மகன் சேந்தன் பிரான்சில். மகன் ஊருக்கு வந்ததும் அப்பாவும் பிள்ளையும் என் படகில் ஒரு நாள் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மகனுக்கு லீவு இரண்டு கிழமைதானாம், அதனால் காலம் பார்த்துத்தான் வர வேண்டுமாம். இடைக்கிடை ஐயா பஸ் ஏறி வந்து, படகுக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "தம்பி, இப்ப எப்பிடி?" என்பார். நானும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். மகன் மட்டும் வந்தபாடில்லை.

ஒரு மாசிக் காலை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. விரால் மீன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் போவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஐயா வந்தார், பார்த்தார், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மகன் வீடியோவில் கூப்பிட்டான். ஐயா போனைத் தூக்கிக்கொண்டு, மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும் சேற்று மூலைக்கு நடந்துபோய், அதை மட்டும் காட்டினார்.

"பார் சேந்தன், கலங்கிப்போய்க் கிடக்கு. ஒரு மீனும் கடிக்காதாம். இப்ப வெளிக்கிடாத அப்பன்."

"அப்ப பிறகு பாப்பம் அப்பா," என்றான் அவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு நீர்த்தேக்கத்தையே மறைக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்கய்யா இது? நான் நல்லா இருக்குன்னு சொல்றேன், நீங்க கடிக்காதாம்னு சொல்றீங்க. அதையும் நான் சொன்னதாவே சொல்றீங்க. எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் பஸ் ஏறி வர்றீங்களா?"

ஐயா படகின் விளிம்பில் உட்கார்ந்தார். குடையை மடிமேல் வைத்துக்கொண்டார்.

"கோவிக்காதையும் தம்பி. அவனுக்கு அங்க விசா இல்லை. கேஸ் தள்ளுபட்டுப் போச்சு. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. அவன்ர கூட்டாளி ஒருத்தன் என்னைக் கொழும்பில கண்டு சொன்னவன். சேந்தன் எனக்குச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

"அப்ப இந்த மீனு?"

"அவன் போகேக்க எயார்போட்டில நான்தான் சொன்னனான், வரேக்க ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போவம் எண்டு. இப்ப ஒவ்வொரு முறையும், 'அப்பா, மீன் கடிக்குமோ' எண்டு கேக்கிறான். கடிக்கும் எண்டு நான் சொன்னால், தன்னால வரேலாது எண்டு அவன் வாயால சொல்ல வேணும். அதை ஏன் அந்தப் பிள்ளையைச் சொல்லப் பண்ண வேணும்?"

"அம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"அவளுக்கு இருதய வருத்தம். மகன் வருவான் எண்ட நினைப்பிலதான் எழும்பித் திரியிறாள். நீர் வாய் திறந்திடாதையும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கோபம் முழுதாக இறங்கவில்லை. நான் சொன்னேன்: "நீங்க என்னமும் சொல்லிக்குங்கய்யா. தண்ணி கெட்டுப்போச்சுன்னு என் வாயால வராது."

"தேவையில்லைத் தம்பி," என்றார் அவர். "அது என்ர வேலை."

அதற்குப் பிறகு அவர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். சித்திரையில் இடி மின்னல், ஆனியில் காற்று, தையில் மீன் எல்லாம் ஆழத்தில் என்று காரணம் தீராமல் வைத்திருந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். ஒருமுறை அவர்கள் வீட்டுக்கு இரண்டு விரால் கொண்டுபோனேன். கமலாசனி அம்மா கதிரையைக் காட்டி, தேநீர் கொடுத்து, எதிரே நின்றுகொண்டு கேட்டார்.

"உம்மட மீனுக்கு நாள் பாத்துப் பாத்தே என்ர பிள்ளையின்ர முகம் எனக்கு மறந்துபோகும் போல கிடக்கு. உம்மட தண்ணி எண்டைக்குத் தம்பி தெளியும்?"

ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்று தேநீரை ஊற்றி அதை அடைத்துக்கொண்டேன்.

போன மார்கழி மழையில் ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் மிஞ்சவில்லை. பிளேனில் இடம் கிடைக்கவில்லை என்று சேந்தன் சொன்னான். "சரி அப்பன்" என்று அம்மா போனை வைத்தார். ஐயாவின் தம்பி மகன் திலக்ஷன் கொள்ளி வைத்தான். யாரோ ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க, சேந்தன் அங்கிருந்து பார்த்தான். அழுகைச் சத்தம் போனிலிருந்து விட்டு விட்டுக் கேட்டது.

சாம்பலைக் கரைக்க மட்டும் அம்மா விடவில்லை. "அது என்ர பிள்ளை கையால" என்று பிடிவாதம். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால், சாம்பலைப் போட்டு வெள்ளைத் துணி கட்டிய மண் முட்டியை முற்றத்து ஜம்பு மரத்தில் தொங்கவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் கழிந்தது. இப்படித் தொங்கப்போடுவது ஆகாது என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள். முட்டி தொங்கியபடியே இருந்தது.

மாசி பிறந்ததும் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"உம்மட படகிலதான் கரைக்க வேணும் தம்பி. அவர் பிள்ளையோட போக ஆசைப்பட்ட இடம். உம்மட மாசியும் வந்திட்டுது எல்லோ. வீட்டுப் பக்கம் வாரும். எண்டைக்கு வரலாம் எண்டு மகனுக்கு நீரே சொல்லும்."

போனேன். இப்படி ஒரு மாசியை நான் பார்த்தே பல வருஷமாகிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. முதல் நாள்தான் இரண்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய், கூடை நிறைய ஜப்பான் மீனோடு திரும்பியிருந்தேன். நல்லா இருக்கு, வாங்க என்று சொன்னால் அவன் உண்மையை உடைக்க வேண்டும், இந்த அம்மா அதைத் தாங்க வேண்டும். ஐயாவிடம் நான் வீராப்பாகச் சொன்னதும் நினைவில் நின்று குத்தியது. செத்தவரோடு சண்டை போடவும் முடியாது.

அம்மா மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் வைத்தார். ஐயாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

"ஜெயராஜ் அண்ணை," என்றான் சேந்தன். சாம்பலைப் பற்றியோ நாளைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. "தண்ணி இப்ப எப்பிடி அண்ணை? மீன் கடிக்குமோ?" என்றான்.

கேட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்பா சொன்னதெல்லாம் பொய் என்று இவனுக்கு எப்போதோ தெரியும். அந்தப் பொய்யைத் தனக்குச் சொல்ல ஆளில்லாமல் இப்போது என்னிடம் வந்து நிற்கிறான்.

"நல்லா இல்லைங்க தம்பி," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "மேல அணையைத் தொறந்து விட்டிருக்காங்க. ஒரே சேறு. படகு எறக்கவே முடியாது. இப்ப வராதீங்க."

போனில் மூச்சு விடுவது கேட்டது. "சரி அண்ணை," என்றான்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்டியில் மழை பெய்து வாரக்கணக்காகிவிட்டது. ஜம்பு மரத்து இலையெல்லாம் புழுதி. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை.

"மழை இல்லாமல் எப்பிடித் தம்பி அணை நிரம்பினது?"

நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பேன். திட்டுவார், போனைப் பிடுங்கி மகனிடம் நேரே கேட்பார், அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார் என்று என்னென்னவோ நினைத்துப் பயந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"கேட்டியோ சேந்தன்? கலங்கிப்போய்க் கிடக்காம். இப்ப வெளிக்கிடாத அப்பன்."

ஐயா சொல்லும் அதே சொற்கள். அதே இழுவை. இந்த அம்மாவுக்கு எவ்வளவு காலமாக எல்லாம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டு அவர் எழுந்தார். அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் உறையும் கயிறும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

"முட்டியை ஒருக்காப் பிடியும் தம்பி. துணிக்கு மேல இதைக் கட்டிவிடுவம்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் ஐயா இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், கயிற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வடிவா இறுக்கிக் கட்ட வேணும்," என்றார். "இன்னும் எத்தினை மழை காண வேணுமோ."