முதல் விலைக்கே படிந்த பேரம்

மனைவியை உள்ளே கொண்டுபோன ஆபரேஷன் தியேட்டரின் வாசலில் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துணிக்கடைக்காரர் கடவுளிடம் பேரத்தைத் தொடங்கினார். மனதில் இருக்கும் விலையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறவன் கடை வைக்கவே கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே, "ஆண்டவரே, அவளைப் பிழைக்க வைங்க. இனிமே டீக்குச் சர்க்கரை போட மாட்டேன்" என்றார்.

அது ஆரம்பம்தான். ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஞாயிறு தவறாமல் ஆராதனை என்று ஏறலாம். அதற்கும் மசியாவிட்டால் சபைக்குப் புது ஒலிபெருக்கி. எல்லாவற்றுக்கும் கடைசியாக, மடியில் முடிந்து வைத்ததுபோல் ஒன்று இருந்தது: அண்ணனோடு பேசிவிடுவது. அப்பாவின் கடையைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்தபோது, தெருமுனைப் பக்கம் யாருக்கு என்று வந்த சண்டை. முனைப்பக்கம் அண்ணனுக்குப் போனது. இங்கே துணி, அங்கே பட்டனும் நூலும். "இதுக்குப் பட்டன் எங்க கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் தம்பி பலகையைத்தான் காட்டுவார். அண்ணன் என்ற சொல் வாயில் வராது.

அவர் அடுத்த படி ஏறுவதற்குள் கதவு திறந்தது. "கட்டியை எடுத்தாச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

சந்தோஷம்தான். கூடவே ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்தது. சொன்ன முதல் விலைக்கே எதிராளி தலையாட்டினால், ஒன்று பொருளில் பழுது, இல்லை பேரம் இன்னும் முடியவில்லை.

மனைவி வீடு வந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. துணி கிழிக்கும்போது கை நின்றுவிடும். வீட்டுக்குப் போன் போட்டு, "வலிக்குதா?" என்பார். "நீங்க போன் பண்றப்பதான் வலிக்குது" என்பாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. எதிர்ப் பெஞ்சின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார். இன்னார் குடும்பத்தாரின் அன்பளிப்பு. அடுத்த பெஞ்சில் இன்னொரு பெயர். மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர். மூன்று தலைமுறை கொடுத்தார்கள், பெயரையும் வெட்டிக்கொண்டார்கள். இதில் எவனாவது முதல் விலையோடு நிறுத்திக்கொண்டவனா?

ஆராதனை முடிந்ததும் போதகரை ஓரமாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அதுதான் கிருபை, தம்பி. இலவசம்" என்றார் போதகர்.

"இலவசம்னு சொன்னா எங்க தெருவுல பொருளை ரெண்டு தடவ புரட்டிப் பாப்போம் ஐயா."

"புரட்டிப் பாத்துட்டு?"

"கடைக்காரனையும் ஒரு தடவ பாப்போம்."

"நல்லாப் பாருங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டடத்தையே கட்டி வெச்சிருக்கு."

"ஆண்டவர் அழிக்க இருந்த ஊரைக் காப்பாத்த, அங்க அம்பது நல்லவங்க இருந்தா விட்டுடுவீங்களான்னு ஆபிரகாம் ஆரம்பிச்சு, பத்துல கொண்டுவந்து நிறுத்தினானே. அன்னைக்கு அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமா?"

"வேதத்துல அது இல்லையே."

"எழுதினவரு வியாபாரியா இருந்திருக்க மாட்டாரு" என்றார் துணிக்கடைக்காரர்.

வீட்டில் மனைவி தலையணைகளில் சாய்ந்து, அவர் டீ குடிக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஷாயம் குடிப்பவனின் முகம் அது.

"சர்க்கரை வியாதியா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

மழுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ என்னை டீச் சர்க்கரைக்குக் கேட்டிருக்கீங்க."

"அது ஆரம்ப விலைம்மா..."

"கடைசி விலை என்ன?"

அவர் டம்ளரைப் பார்த்தபடி, "அண்ணன்கிட்டப் பேசறது" என்றார்.

"ஆபிரகாம் பேரம் பேசினது ஊராருக்காக. பொண்டாட்டியை அடக்கம் பண்ண நிலம் வாங்கறப்ப, சொன்ன விலைக்கு வாய் பேசாம வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். நீங்க பேரத்தை என் தலையிலதான் ஆரம்பிக்கணுமா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு இப்போ நிலம் வேண்டாம். தலைவழியா நைட்டி மாட்ட முடியல, தையல் இழுக்குது. முன்பக்கம் திறக்கிற மாதிரி ரெண்டு தைக்கச் சொல்லியிருக்கேன். தையல்காரர் பட்டன் கேக்கறார். எங்க கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

மறுநாள் துணிக்கடைக்காரர் தன் கடை வாசலில் இறங்கி, தெருமுனை திரும்பி, பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நாலு எட்டு நடைக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அண்ணன் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, "என்ன வேணும்?" என்றார்.

"வெள்ளைப் பட்டன். ரெண்டு அட்டை."

அட்டைகளை மேசையில் போட்டு அண்ணன் ஒரு விலை சொன்னார். அடித்துப் பேசட்டும் என்றே சொல்லப்பட்ட, வாய் கூசும் விலை. அது இருவருக்குமே தெரியும். துணிக்கடைக்காரர் பணத்தை எடுத்து வைத்தார்.

அண்ணன் அதைத் தொடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முகத்தில் இருந்த வீறாப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னடா, பேசாமக் கொடுக்கறே? வீட்ல யாருக்கு என்ன?"

"அவளுக்கு ஆபரேஷன் அண்ணே. இப்போ நல்லா இருக்கா."

"பலகைக்கு இந்தப் பக்கம் நான் செத்தா கிடக்கறேன்? ஒரு தட்டு தட்டக் கூடாதா?" பணத்தைத் தள்ளிவிட்டார். "எடுத்துட்டுப் போ. அவளுக்குக் காசு வாங்குவேனா?"

துணிக்கடைக்காரர் ஓர் அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"பழுதெல்லாம் இல்லடா" என்றார் அண்ணன்.

வழக்கப்படி அவர் கடைக்காரரையும் ஒரு தடவை பார்த்தார். அண்ணன் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் போய் அவளைப் பாத்துட்டு வரேன். ரெண்டு பக்கமும் நீயே பாத்துக்கோ."

"இங்க வந்து யாராவது துணி கேட்டா என்ன சொல்ல?"

"பக்கத்துல தம்பி கடைன்னு சொல்லு" என்றார் அண்ணன், தெருவில் இறங்கியபடி. "இத்தனை நாளா நான் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்."