செயலாளருக்கு ஒரு கட்டைவிரல்

கூடுவாஞ்சேரியில் ரயிலை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் சம்பூர்ணத்துக்குப் பாதி உயிர் போய்விடும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எதைப் போட்டாலும் படிக்காமலே கட்டைவிரல் குறியைத் தட்டிவிடுவாள். அங்கே எல்லாருக்கும் அதே வழக்கம்தான். இன்றைக்கும் தட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது, மொட்டைமாடியில் அவள் காயவைத்த கருவாட்டின் போட்டோ. கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்: டெஸ்பிகபிள்.

எதிர்வீட்டு ரேணுகா இங்கிலீஷ் டீச்சர். சம்பூர்ணம் அவள் கதவைத் தட்டினாள்.

“இதுக்கு இன்னாம்மா அர்த்தம்? மோசம்னா?”

ரேணுகா தயங்கினாள். “அதுக்கும் மேலக்கா. மனுஷனாவே மதிக்க முடியாத ஈனப் பிறவின்னு காறித் துப்புறது.”

“கருவாடு காயவச்சதுக்கா?”

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. யார் யார் தட்டியிருக்கிறார்கள் என்று போனில் தள்ளிப் பார்த்தாள். முதல் கட்டைவிரலே ரேணுகாவுடையது.

“நாங்கல்லாம் தெரியாம தட்டிட்டோம். உனக்குத்தான் அர்த்தம் தெரியுமே?”

ரேணுகா கதவைப் பாதி சாத்தப் போனாள்.

“சரி வுடு. நேத்து கருவாட்டுக் கொழம்பு குடுத்தனே, அந்தக் கிண்ணத்த எடுத்தா. நான் போய்ப் படுக்கணும்.”