பூஜ்யம் வெற்றிடம் அன்று

மேடிசன் நகரத் தரவுத்தள நிறுவனத்தின் கூடத்தில் எழுந்த கைத்தட்டல், மார்லீஸ் குட்ரூடின் கன்னத்தில் அறையாக விழுந்தது. தட்டப்பட்டது அவளுக்காக அன்று, கோல்பி ஸாஸ்ட்ரோவுக்காக.

விஸ்கான்சின் மாநிலத்தையே கோடிக் கட்டங்களாக வகுத்து, மழைமானி நிற்கும் சில ஆயிரம் கட்டங்களில் மட்டும் மழையளவை எண்ணாக வைத்திருக்கும் தரவுப் பொறி அவர்களுடையது. அதிலிருந்து எண்களைத் தேடி எடுக்க மார்லீஸ் எழுதிய நிரலான வாசிப்பான், வெற்றுக் கட்டங்களின் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத்தான் விடை சொல்லும். நாற்பது நொடி ஆகும். வந்து ஏழு மாதமே ஆன கோல்பியோ, எண் இருக்கும் கட்டங்களுக்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு, அங்கு மட்டுமே போனான். மூன்றே நொடி.

"பதினோரு வருஷமா காலி மைதானத்துல பனி வாரிக்கிட்டு இருந்திருக்கோம் போல," என்றாள் தலைவி ரெனாட்டா, சீஸ் துண்டை மென்றுகொண்டே. கூடம் சிரித்தது. மார்லீஸும் சிரித்தாள், வயிறு மட்டும் எரிந்தது.

இன்னொருவர் படித்து ஒப்பமிடாமல் எவர் எழுதியதும் பொறிக்குள் நுழைவதில்லை என்பது அங்கே சட்டம். ஒப்பமிட வேண்டியவள் மார்லீஸ். இட்டுவிட்டால், பதினோர் ஆண்டுகள் அவள் பெயரில் வாழ்ந்த வாசிப்பான் அவன் பெயருக்குப் போகும்.

மூன்று நாள் படித்தாள். புரிந்துகொள்ளப் படிக்கவில்லை, பிடித்துக்கொடுக்கப் படித்தாள். பிடியும் கிடைத்தது. பூஜ்யம் இருக்கும் கட்டத்தை வெற்றுக் கட்டமாக எண்ணித் தள்ளிவிடும் ஒரு வரி! மானியே இல்லாத இடம் வெற்றிடம். மானி இருந்தும் மழை பெய்யாத இடம் பூஜ்யம். முன்னது மௌனம், பின்னது சாட்சியம். சாட்சியத்தைத் தள்ளிவிட்டுச் சராசரி கண்டால், வறண்ட வட்டாரமும் நனைந்த வட்டாரமாகிவிடுமே!

ஒரு குறிப்பு எழுதி அவனுக்கு அனுப்பியிருக்கலாம். அதுதான் வழக்கம். அவள் புதன்கிழமைக் கூட்டத்திற்குக் காத்திருந்தாள்.

அனைவர் முன்னிலையிலும் அந்த வரியைத் திரையில் ஏற்றி, அது சொல்லும் பொய்யை விளக்கினாள். ரெனாட்டா மெல்லுவதை நிறுத்தினாள். தன் விடை பழைய விடையோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியதே என்று கோல்பி தயங்கினான்.

"இது யாரோட கைவண்ணம்னு பார்த்துடலாமா?" என்றாள் மார்லீஸ்.

எந்த வரியை யார், எப்போது எழுதினார் எனக் காட்டும் கட்டளைக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பழி'. அதைத் தன் விரலாலேயே தட்டினாள்.

திரையில் வந்தது: மார்லீஸ் குட்ரூட். பதினோர் ஆண்டுகளுக்கு முன்.

கோல்பி மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் அந்த வரியில ஒரு சந்தேகம் இருந்துச்சு, மார்லீஸ். நீங்க எழுதினதாச்சே, ஏதாவது காரணம் இருக்கும்னு தொடாம அப்படியே விட்டுட்டேன்."

அவன் குரலில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். மரியாதை இருந்தது.

"காரணம் ஒண்ணும் இல்ல," என்றாள். "தப்பு என்னுது. அதைத் தூக்கிடு, ஒப்பம் போடறேன்."

இருந்த இடத்திலேயே தூக்கினான். அவள் படித்தாள், ஒப்பமிட்டாள். நல்லதெல்லாம் அவனுடையதாகிவிட்ட அந்த வாசிப்பானில் அந்த ஒரு பிழையாவது அவனுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று, ஒப்பமிட்ட பின்னும் அவள் நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது.