குளோரியக்காவின் விரலும் ஆன்ட்ரூஸ் அண்ணனின் வெள்ளிக்கிழமையும்

“அடுத்த வெள்ளிக்கிழமையும் கட் பண்ணினா, நான் இனி கூப்பிடவே மாட்டேன்” என்று மஸ்கட்டிலிருந்து தன் புருஷன் ஆன்ட்ரூஸ் அண்ணன் சொன்னதை, பக்கத்து வீட்டுக் குளோரியக்கா குரல் மாற்றி நடித்துக் காட்டினாள்.

கட் பண்ணியது அவள் இல்லை. லேப்டாப். வைரஸ் புகுந்து படுத்திருந்ததை நான்தான் துடைத்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அக்கா டச்பேடில் விரல் வைத்தால் அம்புக்குறி திரை முழுக்க ஓடிவிட்டு, வீடியோ அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானில் போய் விழுந்தது.

“எனக்கு அவருக்க முகம் பாக்கப் பிடிக்கலயாம், மக்கா.”

“கையக் காட்டுங்க.”

சாளை மீனுக்கு உப்புப் போட்டுவிட்டு வந்த கை. கழுவியும் பிசுபிசுத்தது.

“தொடச்சிட்டுத் தொடப்பிடாதா?”

“தொடச்சி, தேங்காயெண்ணையும் தேச்சாச்சி. அதுக்குப் பொறவுதான் இன்னும் துள்ளுகு.”

வடசேரியில் வாங்கிய மவுஸையும் பார்த்தாயிற்று. மேசை இல்லாத வீடு. தொடையில் வைத்து உருட்டிவிட்டுத் தூக்கிப் போட்டிருந்தாள்.

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளை அடித்தேன். அழுத்தினால் மட்டும் விரலைக் கணக்கில் எடுக்கும், தட்டினால் கிளிக் ஆகாது, வேகம் பாதி. அம்புக்குறி பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவளைப்போல் அடக்கமாக நடந்தது.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா இது போயிரும், அக்கா. வெள்ளிக்கிழம சரியா ஓடட்டும், நெரந்தரமா ஆக்கித் தாறேன்.”

வெள்ளிக்கிழமை அழைப்பு துண்டாகவே இல்லை. அதுதான் தொந்தரவு.

“ஏட்டி, அந்த மூலையக் காட்டு. டைல்ஸ் சரிஞ்சிருக்கா? இன்னும் தூக்கு.”

கட்டி முடியாத மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கக்கூசுக்கும் அக்கா லேப்டாப்பைச் சப்பரம்போல் ஏந்திச் சுற்றினாள். முற்றத்தில் பாதி உப்பிட்ட சாளையில் ஈ மொய்த்தது. மதிலுக்கு இந்தப்பக்கம் நின்ற நானும் கேமராவில் விழுந்துவிட்டேன்.

“ஏலே லிஜினே! நைட் ஷிப்ட் வேலைய விட்டுட்டியாமே? இனி என்ன செய்யப்போற?”

அது ஒரு தனிக் கச்சேரி.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

“அண்ணனுக்குச் சந்தோசமா?”

“பிணக்கம் தீந்துது. அடுத்த வாரம் கிணத்துக்குள்ள பாக்கணுமாம்.”

“அப்ப நெரந்தரமா ஆக்கிரட்டா?”

அக்கா லேப்டாப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வேண்டாம், மக்கா. ரெண்டும் இருக்கட்டு.”

திரையில் புறா, சாளை என்று இரண்டு ஐகான் வைத்துக் கொடுத்தேன். புறாவை அமுக்கினால் அடங்கும். சாளையை அமுக்கினால் பழையபடி துள்ளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதிலுக்கு அப்பால் வெகுநேரம் சிரிப்புச் சத்தம். அக்கா பாட்டுக்கூட ஒன்று பாடினாள். பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“சரி, அந்தக் கிணத்தக் கொஞ்சம்...”

“அய்யோ, இன்னா துள்ளுகே!”