கயிறு முடியும் இடம்

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் தவமணி காலைதோறும் ஓடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அங்கே புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்று, அலை தொடும் இடம்வரை கம்பு நட்டுக் கயிறு கட்டி அவள் வழியை மறித்தது.

"அக்கா, இது ஓட்டல் கெஸ்டுங்களுக்கு மட்டும் லா. மேல ரோட்டுல ஓடுங்க," என்றான் காவல்காரன்.

லாரிகளுக்கு நடுவே அவள் ஏன் ஓட வேண்டும்? அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அவள் ஓடிய மணல் அது. அன்று திரும்பிப் போனவள், மறுநாள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து வந்தாள். கடல் உள்வாங்கி, கடைசிக் கம்புக்கு அப்பால் ஈரமணல் அகலமாகக் கிடந்தது. அந்தக் கம்பைச் சுற்றிக்கொண்டு கால் நனையாமல் ஓடினாள்.

காவல்காரன் விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை.

"தம்பி, தண்ணி பின்னால போறப்பல்லாம் கயித்த நீட்டச் சொல்லு ஒங்க முதலாளிய," என்றாள் ஓட்டத்தை நிறுத்தாமலே. "நான் அதையும் சுத்திக்கிட்டு வரேன்."