ஒச்சாண்டியும் பிறரும்

மோட்டார் ரூம் வாசலில் கவிழ்த்துப் போட்ட திராட்சைக் கிரேட்டின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு மாரீஸ்வரி எழுந்து நடந்தாள். கொடிப் பந்தலின் முதல் கல்தூண் வரை போனாள், திரும்பி வந்து திரையைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள்; வீட்டில் சிக்னல் எடுக்காது. ராயப்பன்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கும் இந்தத் தோட்டத்தில்தான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும். சாயங்காலத்துக்குள் அவள் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியாக வேண்டும். தன் பெயரைச் சொல்ல ஒருத்திக்கு இத்தனை திண்டாட்டமா என்று கேட்டால், அப்படித்தான் ஆகிப்போனது.

மாரீஸ்வரி வானியல் ஆய்வாளர். ஒளி கூடுவதும் குறைவதுமாக இருக்கும் விண்மீன்களைப் பற்றி எழுதுகிறவள். படிக்கிற காலத்தில் எழுதிய கட்டுரைகள் ஒ. மாரீஸ்வரி என்றே வந்தன. பிறகு வெளிநாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. நம் பக்கத்து ஆட்கள் குடும்பப் பெயருக்கு எங்கே போவார்கள்? எழுதிக் கொடுத்த ஏஜெண்ட் யோசிக்காமல் அப்பா ஒச்சாண்டியின் பெயரை அதில் போட்டுவிட்டார். அங்கே போய் இறங்கியதிலிருந்து அதுவே அவள் பெயர். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கட்டுரையும் அந்தப் பெயரில்தான் வந்தது. எந்த நாட்டில் எவர் அதை மேற்கோள் காட்டினாலும், கூட எழுதியவர்களையும் சேர்த்து ‘ஒச்சாண்டியும் பிறரும்’ என்றுதான் காட்டுகிறார்கள். மேற்கோள்களை எண்ணி வைக்கிற இணையதளமோ, மாரீஸ்வரி ஒருத்தி, ஒச்சாண்டி வேறு ஆள் என்று முடிவே கட்டிவிட்டது. இப்போது நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்தால்தான் அவள் செய்த வேலை முழுசாகக் கண்ணில் படும். சேர்க்கலாம், ஆனால் மேலே ஒரு பெயர்தான் நிற்கும், இனி எழுதுவதும் அந்தப் பெயரில்தான்.

அங்கே கூட வேலை பார்க்கும் ஆதித்தன், சென்னைக்காரன், காலையிலிருந்து போன் மேல் போன். “ஒச்சாண்டின்னே விட்டுடுங்க மேடம். கமிட்டில அந்தப் பேருதான் தெரியும். மாரீஸ்வரின்னா யாருன்னு கேப்பாங்க.”

கேட்கட்டுமே என்று அவளுக்கு வீம்பு வந்தது. “நமக்குப் பேரு சொல்ல ஒரு பய இல்ல” என்று அப்பா கல்யாண வீட்டிலும் சாவடியிலும் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் அவள். அவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த அன்றைக்கும் மாலை போட வந்தவர்களிடம் அதையேதான் சொன்னார். அந்த மனிதரின் பெயரையா காலமெல்லாம் சுமப்பது? ஆனால் அதைக் கழற்றி வைத்தால் வேலையும் சேர்ந்து போய்விடுமோ? கோபமும் பயமும் மாறி மாறி அவளை உட்காரவிடவில்லை.

கொடிகளுக்கு மருந்தடித்துவிட்டு ஒச்சாண்டி வந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து. முழங்கை வரை ஒரே நீலம்.

“ஏத்தா, எதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் அலையிற? அங்கன வேலையில எதுவும் பிரச்சனையா?”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் அடங்கவில்லை.

“அங்கன யாரும் என்னய மாரீஸ்வரிங்கிறதில்லப்பா. ஒச்சாண்டின்னுதான் சொல்றாக. எழுதுறதும் அப்பிடித்தான். ஊரு ஒலகமெல்லாம் ஒங்க பேருதான் சுத்துது.”

மனிதர் பூரித்துப் போவார் என்று எதிர்பார்த்தாள். பூரித்தால் சண்டை போடத் தயாராகவும் இருந்தாள். அவரோ, அடுத்தவர் தோட்டத்தில் கைவைத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்தார்.

“எம்பேர எதுக்குத்தா போட்டாக? மழை வருமான்னு பாக்குறதத் தவிர நான் வானத்த என்னைக்கு நிமுந்து பாத்தேன்? கண்ணு முழிச்சுப் படிச்சது நீயி. ஒம்பேரப் போடச் சொல்லு.”

“பேரு சொல்ல ஆளில்ல, ஆளில்லன்னு அம்புட்டுத் தடவ சொன்னீகளேப்பா.” சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

ஒச்சாண்டி கிரேட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திரையில் அந்த இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் பிடிபடாது.

“இதுல எது நானு?”

காட்டினாள்.

“எது நீயி?”

அதையும் காட்டினாள். அவர் தன் பெயரின் மேல் விரலை வைத்தார். குலையைச் சேதமில்லாமல் தூக்கிப் பார்க்கிற அதே நிதானத்தோடு விரலை நகர்த்தி, அவள் பெயர் வரை கொண்டுபோனார். பிறகு எழுந்து, மோட்டாரை நிறுத்த உள்ளே போனார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆதித்தனின் போன் மறுபடி அடித்தது. திரையைத் துடைக்கத் துப்பட்டா நுனியை எடுத்தவள் அப்படியே நின்றாள். ஒரு பெயரில் தொடங்கி இன்னொரு பெயர் வரை போன நீலக் கோடு இன்னும் காயவில்லை.